முகம் தெரிந்த பேச்சு

விருதுநகரை ஒட்டிய சூலக்கரையில், இரவு ஒன்பது மணிக்குமேல், நெடுஞ்சாலையில் விரையும் லாரிகளின் இரைச்சலைத் தவிர மற்றெல்லாச் சந்தடியும் அடங்கிவிட்ட வேளையில், என் வீட்டுத் திண்ணையில் நான் தன்னந்தனியே உட்கார்ந்திருப்பதாகத் தெருவில் போகிறவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். அது பிழை. அப்போது என்னோடு நால்வர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் சிவகாசி அச்சகம் ஒன்றில் ஆப்செட் யந்திரம் ஓட்டுகிறவர், ஒருவர் பட்டாசு ஆலையில் நெடுங்காலம் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற அண்ணாச்சி, ஒருவர் கோயில் கொடைகளுக்கும் கல்யாணங்களுக்கும் தவில் வாசிக்கிறவர், நான்காமவர் மஸ்கட்டில் கட்டட வேலைக்கு மேற்பார்வையாளராகப் போயிருந்தும், அங்கிருந்தபடியே "ஊர்ல மழையா?" என்று தினந்தோறும் விசாரிப்பவர். சம்சாரி என்று நாங்கள் சொல்லும் உழவருக்குச் சந்தோஷத்தையும் பட்டாசுக்காரருக்கு விசாரத்தையும் ஒரே மேகம் பொழிகிற பூமி இது. ஆகையால் அந்த ஒரு கேள்விக்கு எங்கள் கூட்டத்தில் ஒருநாளும் ஒரே பதில் கிடைத்ததில்லை.

ஒரு காலத்தில் இதே ஐவரும் சாலையோரத்து டீக்கடை பெஞ்சில் கூடினோம். வயிற்றுப்பாட்டின் நிமித்தம் ஆளுக்கொரு திசையாகப் பிரிந்தபின், 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையத்தின் விலை சரிந்ததை ஒட்டி, எங்கள் பேச்சு பெஞ்சை விட்டுக் கைப்பேசிக்குள் குடியேறியது. குடி மாறினதேயொழியக் குணம் மாறவில்லை. பத்திரிகையின் ஒரு மூலையில் வந்த விநோதச் செய்தி, எங்கேயோ காதில் விழுந்த அபூர்வமான சங்கீதம், அன்றைக்கு எங்களில் ஒருவருக்கு நேர்ந்த சிறு அசம்பாவிதம் ஆகிய இந்த மூன்று சரக்குகளையே அன்றும் விரித்து வைத்திருந்தோம். இன்றும் விரித்து வைத்திருக்கிறோம்.

"அந்த நாலு பேருக்கும் வேற சோலியே கெடையாதா?" என்பது என் வீட்டாரின் நெடுநாளைய வினா. வினா நியாயமானதே. திருவள்ளுவரும் தம் நூலின் 19ஆம் அதிகாரத்தைப் புறங்கூறாமைக்கும், அதனை அடுத்த 20ஆம் அதிகாரத்தைப் பயனில சொல்லாமைக்கும் ஒதுக்கி, நாவினால் நேரும் இவ்விரு குற்றங்களையும் அடுத்தடுத்து நிறுத்தியிருக்கிறார். எங்கள் சீமையில் முன்னதற்குப் பொரணி என்று பெயர். பின்னதற்கு வெட்டிப் பேச்சு என்று பெயர். எங்கள் பேச்சு பொரணி அன்று என்பதைத் துணிந்து சொல்வேன். ஏனெனில், பொரணிக்கு இன்றியமையாத மூலப்பொருள் எதிரில் இல்லாத ஓர் ஆள். எங்கள் பேச்சிலோ சிரிப்புக்கு இலக்காகிறவர் எப்போதும் எங்களிலேயே ஒருவராக, எங்கள் நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறார். ஆனால் வெட்டிப் பேச்சு என்ற இரண்டாவது குற்றச்சாட்டை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியவில்லை. அதைக் கொஞ்சம் நிதானமாக விசாரித்துப் பார்ப்போமே என்றுதான் இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கினேன்.

போலந்தில் பிறந்து இங்கிலாந்தில் புகழ்பெற்ற மானிடவியலறிஞர் பிரோனிஸ்லாவ் மாலினோவ்ஸ்கி, பசிபிக் சமுத்திரத்தின் டிரோபிரியண்ட் தீவுகளில் அங்குள்ள ஜனங்களோடு நெடுநாள் வசித்துத் திரும்பியவர். மனிதர்கள் பேசிக்கொள்ளும் பேச்சில் ஒரு பகுதி, எந்தச் செய்தியையும் அறிவிப்பதற்காகப் பேசப்படுவதன்று, பேசுகிறவர்களுக்கிடையே உள்ள பந்தத்தைப் புதுப்பித்துக்கொள்வதற்காகவே பேசப்படுவது என்று 1923ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு கட்டுரையில் அவர் எழுதினார். இதை அறிய நாம் டிரோபிரியண்ட் தீவுவரை போக வேண்டியதில்லை. விருதுநகர்க் கடைவீதியில் பிற்பகல் மூன்று மணிக்கு எதிர்ப்படுகிற ஒருவர், "என்ன அண்ணாச்சி, சாப்டாச்சா?" என்று கேட்டால், அவர் நமக்கு இலை போடப் போவதில்லை, "இல்லை" என்று நாம் சொன்னால் அவர் திகைத்துத்தான் போவார். உன்னை நான் கண்டேன், உன்னை எனக்குத் தெரியும் என்பதே அந்தக் கேள்வியின் பொருள்.

ஆங்கிலேய அறிஞர் ராபின் டன்பார் இன்னும் ஒருபடி மேலே போய், 1996இல் வெளியிட்ட தம் நூலில், குரங்கினங்கள் ஒன்றன் ரோமத்தை மற்றொன்று கோதிவிட்டு வளர்த்துக்கொள்ளும் சிநேகத்தையே, கூட்டம் பெருகிக் கை போதாமற்போன மனிதன் வாயினால் வளர்க்கத் தொடங்கினான் என்று ஒரு கொள்கையை வகுத்தார். சாதாரண ஜனங்களின் சம்பாஷணைகளைக் கவனித்துப் பார்த்தபோது, அவற்றில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மனிதர்களையும் உறவுகளையும் பற்றியதாகவே இருந்தது என்றும், ஒருவர் நிலையாக உறவு பாராட்டக்கூடியவர்களின் தொகை சுமார் 150 என்றும் அவர் கணக்கிட்டார். கல்யாண மொய் நோட்டைப் புரட்டி, முகம் நினைவுக்கு வருகிற பெயர்களை மட்டும் எண்ணிப் பார்த்த எவருக்கும் இந்தத் தொகை பெரிய ஆச்சரியத்தை விளைவிக்காது.

ஆகவே அரட்டை என்பது மனிதனின் பழைய தொழில்களுள் ஒன்று. தமிழர் அந்தச் சொல்லை ஏளனமாகவே நெடுநாள் வழங்கினர் என்றாலும், அதன் மீது அவர்களுக்கு உள்ளூர ஒரு பிரியம் இருந்துகொண்டேயிருந்தது. விசு நடத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு ‘அரட்டை அரங்கம்’ என்று பெயர் வைத்தபோது ஜனங்கள் முகம் சுளிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் உட்கார்ந்து பார்த்தார்கள். தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஸோஹோ நிறுவனம், 2021 தொடக்கத்தில் தான் வெளியிட்ட செய்திப் பரிமாற்றச் செயலிக்கு ‘அரட்டை’ என்ற பெயரையே சூட்டிற்று. 2025 செப்டம்பரில், நாளொன்றுக்கு 3,000 பேர் சேர்ந்துகொண்டிருந்த அந்தச் செயலியில் மூன்றே நாட்களில் நாளொன்றுக்கு 3,50,000 பேர் சேரும் நிலை உண்டாயிற்று என்று ஸோஹோவை நிறுவியவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு தெரிவித்தார். தமிழ் அறியாத வடநாட்டாரும் அந்த ஒரு தமிழ்ச் சொல்லை நாக்கு தடுமாற உச்சரித்துப் பழகியது அந்த மாதத்தில்தான்.

இனி எங்கள் சரக்குகளுக்கு வருவோம். விநோதச் செய்தி என்பது தமிழ்ப் பத்திரிகைகளின் பழைய பண்டம். 1942இல் மதுரையில் சி.பா. ஆதித்தனார் தொடங்கிய ‘தினத்தந்தி’, எழுத்துக்கூட்டிப் படிக்கிறவனும் வாய்விட்டு வாசிக்கலாம், எழுத்தறியாதவனும் பக்கத்தில் நின்று கேட்டுப் புரிந்துகொள்ளலாம் என்னும்படியான எளிய நடையில் செய்தியைத் தந்தது. டீக்கடையில் ஒருவர் வாசிக்கப் பத்துப்பேர் கேட்கும் வழக்கம் அதனால் தழைத்தது. தமிழ்வாணனின் ‘கல்கண்டு’ துணுக்குகளாலேயே பெயர் பெற்றது. ‘தினமலர்’ ஒரு பகுதிக்கு டீக்கடை பெஞ்சின் பெயரையே இட்டு, நண்பர்கள் கூடிப் பேசுவதுபோலவே அரசியல் சமாசாரங்களை எழுதிவருகிறது. துணுக்கின் விசேஷம் என்னவெனில், அதைத் தனியே படித்தால் அரை நிமிஷத்தில் தீர்ந்துபோகும். நாலு பேர் நடுவில் போட்டால் அரை இரவு தாங்கும்.

இதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 2016 பிப்ரவரி 6ஆம் நாள், அன்றைய வேலூர் மாவட்டத்து நாட்றம்பள்ளி அருகே, ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில் ஏதோ ஒன்று வெடித்து, அங்கிருந்த பேருந்து ஓட்டுநர் ஒருவர் உயிரிழந்தார். வானத்திலிருந்து விழுந்த விண்கல்லே காரணம் என்று அரசு அறிவித்தது. விண்கல் விழுந்து மனிதன் இறந்தான் என்று உலகப் பத்திரிகைகளெல்லாம் அதை வெளியிட்டன. அப்போது நாங்கள் இன்னும் டீக்கடை பெஞ்சில்தான் இருந்தோம். ஒருவர் விண்கல் என்றார். ஒருவர் செயற்கைக்கோளின் துண்டு என்றார். போர்மேன் அண்ணாச்சி பத்திரிகையை வாங்கி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அதில் வெளியாகியிருந்த குழியின் படத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "வானத்துல இருந்து வந்துச்சோ என்னவோ, அது எனக்குத் தெரியாதுப்பா. ஆனா பூமியில வெடிச்சாலும் குழி இப்படித்தான் விழும்" என்று மட்டும் சொன்னார். சில நாட்களில், அமெரிக்காவின் நாசா விஞ்ஞானிகளும், வெளியான படங்களைப் பார்த்தால் விண்கல்லைவிடத் தரையில் நேர்ந்த வெடிப்புக்கே பொருத்தமாயிருக்கிறது என்று அபிப்பிராயம் தெரிவித்தார்கள். அண்ணாச்சி நாசாவை முந்திக்கொண்டார் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு செய்தியை அச்சில் உள்ளபடியே விழுங்காமல், அதைப் பற்றிச் சொல்ல அருகதையுள்ளவர் முகத்தை நாங்கள் எல்லோரும் ஒருங்கே திரும்பிப் பார்த்தோம் அல்லவா, அதைத்தான் சொல்கிறேன். யாருக்கு எது தெரியும் என்று பெஞ்சுக்குத் தெரிந்திருந்தது.

சங்கீதத்துக்கும் இதே நியதிதான். ஓரிரவு அச்சக நண்பர், தம் ஆப்செட் யந்திரம் ஓடுகிற சத்தத்தைக் கால் நிமிஷம் பதிவுசெய்து, ஒரு வார்த்தையும் எழுதாமல் அனுப்பினார். காகிதத்தை இழுப்பது ஒரு சத்தம், உருளை திரும்புவது ஒரு சத்தம், தாள் வந்து விழுவது ஒரு சத்தம். எனக்கு அது வெறும் யந்திர ஓசையாகவே பட்டது. தவில்காரரிடமிருந்து உடனே பதில் வந்தது: "மாப்ள, அது நாலு இல்ல, அஞ்சு. தகதகிட, தகதகிட. ஒன் மெஷினு கண்ட நடையில ஓடுது." நம் தாள சாஸ்திரத்தில் மூன்றாக எண்ணுவது திசிரம், நான்காக எண்ணுவது சதுசிரம், ஐந்து கண்டம், ஏழு மிசிரம், ஒன்பது சங்கீர்ணம். இவற்றில் நான்கு நமக்கு நடையைப்போல இயல்பானது. ஐந்தோ, நடந்து போகிறவன் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சிறு கல்லைத் தாண்டிப் போவதுபோல, காதை விழிப்போடு வைத்திருப்பது. இதைத் தவில்காரர் எழுத்தால் விளக்கவில்லை. தொடையில் தட்டிப் பதிவுசெய்து அனுப்பினார். பதினைந்து வருஷமாகத் தாம் சங்கீதத்துக்கு நடுவில்தான் உழைத்திருக்கிறோம் என்பதை அச்சக நண்பர் அன்றிரவு அறிந்துகொண்டார்.

எங்கள் பக்கத்தில் இத்தகைய காதுக்குப் பஞ்சமில்லை. மானாமதுரையில் மண்ணைக் குழைத்துக் கச்சேரிக் கடம் செய்கிறார்கள். நெல்லையப்பர் கோயிலிலும் மதுரை மீனாட்சியம்மன் கோயிலிலும் தட்டினால் நாதம் எழும் கல் தூண்கள் நிற்கின்றன. நாகஸ்வர வித்துவான் காருகுறிச்சி அருணாசலம், 1962இல் வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’ திரைப்படத்தில், எஸ். ஜானகியின் குரலோடு தம் நாகஸ்வரத்தை ஈடுகொடுத்து ஓடவிட்டு, கோயில் வாசலுக்குரிய அந்த வாத்தியம் ஒரு பெண் குரலோடு இழையுமா என்று ஐயுற்றவர்களை வாயடைக்கச் செய்தார். ஆனால் இவையெல்லாவற்றிலும் விசித்திரமானவர் விளாத்திகுளம் சுவாமிகள். ஜமீன் குடும்பத்தில் பிறந்து, ஒரே ராகத்தை மணிக்கணக்கில் விரித்துப் பாடிக்கொண்டிருக்கும் ஆற்றல் பெற்றிருந்தும், சென்னைச் சபாக்களின் புகழை நாடாமல் கரிசல் மண்ணிலேயே தங்கிவிட்ட அவரைப் பற்றி நாம் இன்று அறிந்திருப்பது, பெரும்பாலும் அவரைக் கேட்டவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லி மாய்ந்ததன் வாயிலாகவே.

அப்படிச் சொல்லி மாய்ந்தவர்களில் இருவரைத் தனியே குறிப்பிட வேண்டும். மாலினோவ்ஸ்கியின் கட்டுரை வெளிவந்து, விருதுப்பட்டி என்ற எங்கள் ஊர்ப் பெயர் விருதுநகர் என்று மாறிய அதே 1923ஆம் ஆண்டில், எங்கள் நெடுஞ்சாலையிலேயே சாத்தூரும் கோவில்பட்டியும் கடந்து தெற்கே போனால் வருகிற இடைசெவல் என்ற கிராமத்தில், செப்டம்பர் 16ஆம் நாள் கி. ராஜநாராயணனும், சரியாக ஒரு வாரம் கழித்து 23ஆம் நாள் கு. அழகிரிசாமியும் பிறந்தார்கள். முன்னவர் சம்சாரி வீட்டுப் பிள்ளை. பின்னவர் பொற்கொல்லர் வீட்டுப் பிள்ளை. இருவருக்கும் இலக்கியத்துக்கு முன்பே சங்கீதப் பித்து பிடித்தது; கி.ரா. விளாத்திகுளம் சுவாமிகளிடமே இசை பயின்றவர். பின்னர் அழகிரிசாமி சென்னைக்குப் போய்ப் பத்திரிகைத் தொழிலில் புகுந்தார். 1950களில் சில ஆண்டுகள் மலாயாவில் ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் இருந்தார். கி.ரா. ஊரிலேயே இருந்தார். ஒரே தெருப் புழுதியில் விளையாடின இருவர் பேச்சை இடையில் நிறுத்திக்கொள்ளச் சம்மதியாமல், கடிதத்தின் மூலமாகவே அதைத் தொடர்ந்து நடத்தினார்கள். அழகிரிசாமி எழுதிய கடிதங்களைக் கி.ரா. பத்திரப்படுத்தி வைத்திருந்தார், அவை பிற்காலத்தில் நூலாகவே வெளிவந்தன. அழகிரிசாமி தமது 47ஆம் வயது நிறைவதற்குள், 1970 ஜூலையில் காலமானார். அவருடைய ‘அன்பளிப்பு’ என்ற நூலுக்குச் சாகித்திய அகாதெமி பரிசு அவர் மறைந்த பிறகே வந்தது. அதே பரிசு 1991இல் ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்காகக் கி.ரா.வுக்கும் வந்தது. ஒரு குக்கிராமத்தில் ஒரு வார இடைவெளியில் பிறந்த இருவர் இந்தப் பரிசைப் பெற்றார்கள் என்பதற்கு ஊரின் தண்ணீரைக் காரணம் சொல்வாரும் உண்டு. எனக்கென்னவோ, அவர்கள் ஒருவருக்கொருவர் இடைவிடாது பேசிக்கொண்டிருந்ததே காரணமாகத் தோன்றுகிறது. பின்னாளில் ‘ஜூனியர் விகட’னில் எழுதத் தொடங்கியபோதும், கி.ரா. அந்தத் தொடருக்குக் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ என்றே பெயர் வைத்தார். கட்டுரை என்றால் யாருக்கோ எழுதுவது. கடுதாசி என்றால் தெரிந்தவருக்கு எழுதுவது.

இவ்விருவரும் ஈடுபாடு கொண்டிருந்த ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரின் திருநெல்வேலி வீட்டில் வட்டத்தொட்டி என்று ஒரு முற்றம் இருந்தது. அதில் நண்பர்கள் கூடிப் பேசிய பேச்சுக்கு நிகழ்ச்சி நிரல் கிடையாது, தலைவர் கிடையாது, தீர்மானமும் கிடையாது. ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு அதை ருசித்துக்கொண்டிருப்பதே காரியம். அந்த வெட்டிப் பேச்சிலிருந்து ஒரு தலைமுறையே கம்பனை ரசிக்கக் கற்றுக்கொண்டது என்பதைத் தமிழ்நாடு அறியும்.

பிரிவும் தூரமும் இப்படிப்பட்ட பேச்சுக்குத் தடையாகுமா என்றால், பாண்டி நாட்டுப் பிசிராந்தையாரையும் உறையூர்க் கோப்பெருஞ்சோழனையும் நினைத்துக்கொள்கிறோம். ஒருவரையொருவர் காணாமலே வளர்ந்த அவர்களுடைய நட்பைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். நான் நினைவூட்ட விரும்புவது வேறொன்று. புறநானூற்றில் நமக்குக் கிடைத்துள்ள பிசிராந்தையாரின் பாடல்களில் புகழ்பெற்ற ஒன்று, ‘உமக்கு இத்தனை வயதாகியும் நரை விழவில்லையே, எப்படி?’ என்ற ஒரு கேள்விக்குப் பதிலாக அமைந்தது. மனைவி மக்கள் நல்லவர்கள், ஏவலர் குறிப்பறிந்து நடப்பவர்கள், அரசன் முறை தவறாதவன், ஊரில் சான்றோர் பலர் இருக்கிறார்கள் என்பது அவர் சொன்ன காரணம். பதிலின் பெருமையைப் புலவர்கள் பலவாறு எடுத்துரைத்துவிட்டார்கள். கேள்வியைக் கவனியுங்கள். அது தத்துவக் கேள்வியன்று, அரசியல் கேள்வியன்று. தலைமயிரைப் பற்றிய வெட்டிக் கேள்வி. யாரோ ஒருவர் வேலையற்றுப்போய்க் கேட்டதனால்தான் நமக்கு அந்தப் பாட்டுக் கிடைத்தது.

மூன்றாவது சரக்கு, அசம்பாவிதம். இதில் எங்கள் கூட்டத்தில் யாரும் யாருக்கும் இளைத்தவர் அல்லர். நான் உத்தியோகத்தில் இருந்த காலத்தில், ஒருநாள் காலை ஆறு மணிக்கு, அச்சக நண்பருக்கு அனுப்ப வேண்டிய "மாப்ள, எந்திரிச்சாச்சா?" என்ற விசாரணையை மேலதிகாரிக்கு அனுப்பிவிட்டேன். "எழுந்துவிட்டேன், நன்றி" என்று அவரும் கௌரவமாகப் பதில் எழுதினார். அன்று முழுவதும் நான் அவர் அறைப் பக்கம் போகவில்லை. அச்சக நண்பர் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில், தினசரிக் காலண்டரில் ஆடிப் பதினெட்டுக்குரிய தாள் அடுத்தடுத்து இரண்டு விழுந்துவிட, வாங்கினவர் ஒருவர் கூப்பிட்டு, ஒரு பெருக்குக்கே செலவு தாங்கவில்லையென்று முறையிட்டாராம். தவில்காரரின் கதை இவற்றையெல்லாம் தூக்கி அடிப்பது. கல்யாணப் பந்தலில் பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் காப்பிக்காக விரலை உயர்த்திச் சமையற்காரரைக் கூப்பிட, அதைத் தாலி கட்டும் சைகையென்று எண்ணி நம்மவர் கெட்டிமேளத்தை முழக்கிவிட்டார். தாலி தாம்பாளத்திலேயே இருக்க, அட்சதை முழுவதும் மாப்பிள்ளை தலையில் விழுந்து தீர்ந்துபோயிற்று. இரண்டாவது கெட்டிமேளத்துக்குத் தூவ, அடுப்படியிலிருந்து மூட்டை அரிசியை அவிழ்த்தார்களாம்.

நேர்ந்த நாளில் இவை ஒவ்வொன்றும் அவமானம். அன்றிரவு ஒன்பது மணிக்கு நால்வரிடம் சொல்லி முடித்தபோது அது ஒரு கதை. அவமானத்தைக் கதையாக மாற்றுகிற இந்த ரசவாதத்துக்கு ஒரே ஒரு நிபந்தனைதான் உண்டு. கேட்கிறவன் சிரித்து முடித்த பிறகும் நம்மைப் பழையபடியே மதிப்பான் என்ற நிச்சயம் வேண்டும். நகைப்பதற்காக மட்டும் நட்புக் கொள்வதில்லை என்று வள்ளுவர் நட்பதிகாரத்தில் எச்சரித்திருக்கிறார், உண்மை. ஆனால் நட்பில்லாத இடத்தில் நம்மைப் பற்றி நாமே நகைக்கவும் முடிவதில்லை.

அசம்பாவிதம் என்ற சொல்லைச் சிவகாசிச் சுற்றுவட்டாரத்தில் இப்படி விளையாட்டாக எழுதும்போது எனக்குக் கை கொஞ்சம் கூசத்தான் செய்கிறது. தூரத்தில் ஒரு வெடிச்சத்தம் கேட்டால், மற்ற ஊர்களில் திருவிழா என்பார்கள். இங்கே அடுப்படியில் இருக்கிறவள் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வருவாள். எந்தத் திசை, எந்த ஆலை, நம்மவர் யார் அங்கே என்பதே அப்போது கேள்வி. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை தீப்பற்றி வெடித்தபோது மாண்ட ஏறத்தாழ 40 பேரில், அந்த ஆலையில் வேலை செய்யாதவர்கள் பலர். முதல் சத்தம் கேட்டு, உதவி செய்யவும் பார்க்கவும் பக்கத்து ஊர்களிலிருந்து ஓடி வந்தவர்கள் அடுத்த வெடிப்பில் அகப்பட்டுக்கொண்டார்கள். அதனால்தான் எங்கள் குழுவில் எழுதப்படாத ஒரு சட்டம் இருக்கிறது. சத்தம் கேட்ட நாளில் முதலில் பேசுகிறவர் போர்மேன் அண்ணாச்சி. அவர் விசாரித்துச் சொல்லும்வரை மற்றவர்கள் எந்தப் படத்தையும், எந்த எண்ணிக்கையையும் யாருக்கும் அனுப்புவதில்லை.

ஏனென்றால், நண்பர்களின் பேச்சு எந்தச் சாதனத்தில் வாழ்கிறதோ, அதே சாதனத்தில் அதன் பகையும் வாழ்கிறது. 2018ஆம் ஆண்டில், பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற பொய்ச் செய்தி கைப்பேசியிலிருந்து கைப்பேசிக்குத் தாவி, தேசமெங்கும் அப்பாவிகள் பலரைப் பலி கொண்டது. அந்த மே மாதத்தில், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலைத் தேடிக் காரில் போன குடும்பத்தார் வழியில் கண்ட குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததைச் சந்தேகித்து, ஊரார் கூடி அடித்ததில் ஒரு மூதாட்டி உயிரிழந்தார். அந்த ஆண்டு ஜூலையில், வந்த செய்தியை ஒரே நேரத்தில் ஐந்துக்கு மேற்பட்ட இடங்களுக்குத் தள்ளிவிட முடியாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் கட்டுப்பாடு விதித்தது. பொய்யின் வேகத்தை யந்திரம் இவ்வாறு கொஞ்சம் குறைக்கலாம். ஆனால் பொய்க்கு முகம் கொடுக்க யந்திரத்தால் முடியாது. டீக்கடை பெஞ்சில் ஒருவன் பொய் சொன்னால், மறுநாளும் அதே பெஞ்சில் அவன் வந்து உட்கார வேண்டியிருந்தது. "யாருப்பா சொன்னா?" என்ற இரண்டு வார்த்தைக் கேள்விக்கு அவன் பதில் சொல்லியாக வேண்டும். தள்ளிவிடப்பட்ட செய்திக்கோ சொன்னவனும் இல்லை, கேட்டவனும் இல்லை. அனுப்பியவன் மட்டும் இருக்கிறான். விநோதச் செய்தி நண்பன் வாயிலிருந்து வரும்போது அரட்டையாகிறது. முகமற்று வரும்போது வதந்தியாகிறது. இரண்டுக்கும் செய்தி ஒன்றாகவே இருக்கலாம்.

ஆகவே என் வீட்டாரின் வினாவுக்கு நான் கண்ட விடை இதுதான். எங்கள் பேச்சில் வருகிற செய்திகளில் பயன் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். கண்ட நடையில் ஓடுகிற யந்திரத்தால் எனக்கு ஒரு காசும் ஆதாயமில்லை; நாட்றம்பள்ளிக் குழி விண்ணால் விழுந்ததா மண்ணால் விழுந்ததா என்று தெரிந்து எனக்கு ஆகவேண்டியதும் ஒன்றுமில்லை. ஆனால் சென்ற கார்த்திகையில் ஓரிரவு ஒன்பதரை மணியாகியும் போர்மேன் அண்ணாச்சியின் குரலைக் காணோம். "அண்ணாச்சி என்ன இன்னும் வரல?" என்று முதலில் கேட்டவர் மஸ்கட்டில் இருப்பவர். பத்து மணிக்கு அச்சக நண்பர் வண்டியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். மகன் குடும்பம் வெளியூர் போயிருக்க, அண்ணாச்சி குளியலறையில் வழுக்கி விழுந்து, கணுக்கால் பிசகி, எழுந்திருக்க மாட்டாமல், கைப்பேசி எட்டாத தூரத்தில் இரண்டு மணி நேரமாகக் கிடந்தார். மூன்றாம் நாள் கட்டுப்போட்ட காலின் படத்தை அவரே அனுப்பி, "சரம் சரமா வெடியெல்லாம் பாத்தவன், சோப்புக் கட்டியில தோத்துட்டேன்" என்று எழுதினார்.

பேச்சில் பயன் இருக்கிறதா என்பதைப் பேச்சு நிற்கும்போதுதான் அளக்க முடியும். நாள் தவறாமல் பேசுகிறவனின் மௌனத்தை மட்டுமே உலகம் கவனிக்கிறது. மற்றவர்களுடைய மௌனம் மௌனமாகவே போய்விடுகிறது.

வாசகர்களுக்கு என் விண்ணப்பம் ஒன்று. இன்றிரவு கைப்பேசியைக் கையில் எடுக்கும்போது, யாரோ எழுதி யாரோ தள்ளிவிட்டதை மேலும் ஐவருக்குத் தள்ளிவிடாதீர்கள். முகம் தெரிந்த ஒருவருக்கு, உங்கள் சொந்த வார்த்தையில், அன்றைக்கு உங்களுக்கு நேர்ந்த ஒன்றை எழுதுங்கள். எழுத ஒன்றுமே இல்லையென்றால், அவருடைய ஊரில் மழையா என்று கேளுங்கள்.